ஒரே சட்டி, ஒரே ரொட்டி. உடம்பு மட்டும் வேறு வேறு

(தோட்டமொன்றின் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. வர முடியாமல் போனவர்களுக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)



காலையில் பிரட்டுக்குப் போய், மலை ஏறி, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டு வேலையையும் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே ரொம்ப நேரம் பிடித்து வைக்க மாட்டோம். ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அது உங்கள் லயத்தில் தினமும் பேசப்படுகிற விஷயம்தான்.

ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறார்கள். காலையில் அதே ரொட்டி, அதே சம்பல். இராத்திரி அதே சோறு, அதே பருப்பு. ஒருத்தி குச்சி மாதிரி இருக்கிறாள். மற்றவள் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகிறாள். லயத்தில் என்ன பேசுவார்கள்? மெலிந்தவளைப் பார்த்து, "புருசன் குடிச்சு அழிக்கிறான், இவளுக்குச் சோறு இல்ல" என்பார்கள். பெருத்தவளைப் பார்த்து, "ஒளிச்சு வச்சுத் திங்கிறா, வேலைக்கும் ஏய்க்கிறா" என்பார்கள். இரண்டு பேச்சும் பொய்யாக இருக்கலாம். ஏன் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தோம்.

அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு தவறைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்வது சரியில்லை.

நாங்கள் செய்த தவறு

சில வருசங்களுக்கு முன்னால், கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைகளை நிறுக்கிற நாள். ஒன்றரை வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை மூன்று மாதமாக நிறை ஏறவே இல்லை. கார்டில் போட்ட புள்ளிகள் மேலே போகாமல் படுத்துக் கிடந்தன. அதே வயசுப் பிள்ளைகள் அதே பிள்ளைக்காம்பராவில் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டு ஓடித் திரிந்தன. அப்போது நாங்கள் என்ன செய்தோம்? இருபது தாய்மார் நிற்கிற இடத்தில், எல்லோர் காதிலும் விழும்படி, "திரிபோஷாவை யாருக்குக் கொடுக்கிறாய்? வீட்டில் பெரியவர்கள் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டோம். அந்தத் தாய் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் நிறுக்க வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

குடும்பநல மாதுவோடு லயத்துக்குப் போய்ப் பார்த்தபோது, பிள்ளை பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கி, நெற்றியெல்லாம் வியர்த்து, பாதியில் விட்டுவிட்டுத் தூங்கியது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இருதயத்தில் துவாரம் இருப்பதாகக் கண்டுபிடித்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அந்தச் சின்ன இருதயம் ஓய்வில்லாமல் கூடுதலாக வேலை செய்ததால், பிள்ளை சாப்பிட்டதில் பெரும் பங்கு அதற்கே எரிந்து போயிருக்கிறது. வளர மிச்சம் இல்லை. "ஐயா, திரிபோஷா ஒரு கரண்டிகூட நாங்க வாயில வைக்கல. எல்லாம் அதுக்குத்தான் குடுத்தேன்" என்று அந்தத் தாய் அப்போதுதான் எங்களிடம் சொன்னார்.

சத்திரசிகிச்சை முடிந்து அந்தப் பிள்ளை நிறை ஏறிவிட்டது, கடவுள் புண்ணியம். ஆனால் இரண்டு மாதம் வீணாய்ப் போனதற்குக் காரணம் எங்கள் வாய். பிள்ளையின் உடம்புக்குள்ளே நடப்பதை அறியாமல் தாயின் மேலே பழி போட்டோம். அன்றையிலிருந்துதான் இந்த விஷயத்தைப் படித்தும் டொக்டர்மாரிடம் கேட்டும் தெரிந்துகொண்டோம்.

உடம்பின் செக்ரோல் கணக்கு

நாம் சாப்பிடுகிற சாப்பாட்டை உடைத்து, சக்தியாக மாற்றி, செலவழித்து, மிச்சத்தைச் சேர்த்து வைக்கிற வேலை உடம்புக்குள்ளே இராப்பகலாக நடக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு அனுசேபம் என்று பெயர். பெயரைப் பாடமாக்க வேண்டாம், கணக்கு விளங்கினால் போதும்.

மாதச் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்னால் செக்ரோலில் பிடிப்புகள் போகின்றன அல்லவா? சேமலாப நிதி, சந்தா, முற்பணம் எல்லாம் போக மிச்சம்தான் உங்கள் கைக்கு. உடம்பும் அப்படியேதான். நீங்கள் ஒரு வேலையும் செய்யாமல் பாயில் படுத்திருந்தாலும் இருதயம் அடிக்க, மூச்சு விட, மூளை வேலை செய்ய, உடம்பு சூடாக இருக்க என்று ஒரு பெரிய பிடிப்பு முதலில் போய்விடும். நாற்பத்தைந்து கிலோ நிறையுள்ள ஒரு பெண்ணுக்கு இந்தப் பிடிப்பு மட்டும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,100 முதல் 1,200 கலோரி. கலோரி என்பது சாப்பாட்டின் சக்தியை அளக்கிற அளவு. ஒரு நடுத்தர ரொட்டியில் ஏறக்குறைய 200 கலோரி என்று வைத்துக்கொண்டால், பேசாமல் படுத்திருப்பதற்கே ஐந்தாறு ரொட்டி வேண்டும். அதற்கு மேல்தான் மலை ஏறுகிற செலவு, கூடை சுமக்கிற செலவு, விறகு, தண்ணீர் சுமக்கிற செலவு எல்லாம். மலையில் வேலை செய்கிற பெண்ணுக்கு மொத்தச் செலவு அந்தப் பிடிப்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இந்தப் பிடிப்பு எல்லோருக்கும் ஒரே அளவு அல்ல. ஒரே வயசு, ஒரே உயரம், ஒரே நிறை உள்ள இரண்டு பெண்களை எடுத்தாலும், ஒருத்திக்கு நாளுக்கு நூறு, இருநூறு கலோரி கூடவோ குறையவோ இருக்கலாம். பார்த்தால் அது ஒரு ரொட்டிதானே? ஆனால் தினமும் நூறு கலோரி மிஞ்சினாலே வருசத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறிவிடக் கூடும். அதனால்தான் ஒரே சாப்பாட்டில் ஒருத்திக்கு மிஞ்சுகிறது, மற்றவளுக்குப் பற்றாமல் போகிறது.

விதைத் தேயிலையும் வீ.பி. தேயிலையும்

இதை உங்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை. விதைத் தேயிலை மலையில் ஒரே உரம், ஒரே மழை, ஒரே கவ்வாத்து. ஆனாலும் ஒரு செடி தளதளவென்று கொழுந்து விடும், பக்கத்துச் செடி மூக்கைச் சுளித்துக்கொண்டு நிற்கும். வீ.பி. மலையில் அப்படி இல்லை. ஒரே தாய்ச் செடியின் கிளையில் வெட்டி நட்டதால் வரிசை வரிசையாக ஒரே மாதிரி வளரும். இரத்தினபுரிப் பக்கத்திலும் சரி, எட்டியாந்தோட்டைப் பக்கத்திலும் சரி, கொழுந்து எடுக்கிற கைக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

மனிதரிலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடா நாட்டில் குளோட் பூச்சார்ட் என்ற விஞ்ஞானி, உருவத்தில் பிரித்தறிய முடியாத இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்த பன்னிரண்டு ஜோடி இளைஞர்களைக் கூட்டிவந்து தங்க வைத்தார். வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 1,000 கலோரியை, வாரத்துக்கு ஆறு நாள் வீதம் மொத்தம் 84 நாள் கொடுத்தார். 1990ஆம் ஆண்டு அதன் முடிவை வெளியிட்டார். எல்லோருக்கும் கூடுதல் சாப்பாடு ஒரே அளவுதான். ஆனால் ஒருவருக்கு நிறை 4 கிலோ சொச்சம்தான் ஏறியது, இன்னொருவருக்கு 13 கிலோவுக்கு மேல் ஏறியது. அதே நேரத்தில், ஒரு ஜோடியின் அண்ணனும் தம்பியும் பெரும்பாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஏறினார்கள். வீ.பி. செடி மாதிரி.

ஆகவே நிறை ஏறுவதிலும் இறங்குவதிலும் பிறப்போடு வந்த பங்கு ஒன்று உண்டு. அது அவளுடைய குற்றமும் அல்ல, கெட்டித்தனமும் அல்ல. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சோதனையில் கூடுதலாகச் சாப்பிட்ட எல்லோருக்குமே நிறை ஏறத்தான் செய்தது. "என் உடம்பு வாகு இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் முடியாது. விதைத் தேயிலையானாலும் உரம் போட்டால்தானே கொழுந்து?

சோம்பேறி என்று சொல்லாதீர்கள்

செலவில் இன்னொரு பகுதி, நாம் அசைகிற அசைவு. எழும்புவது, கூட்டுவது, பிள்ளையைத் தூக்குவது, கோடிக்குப் போய் வருவது எல்லாமே சேரும். சிலர் ஒரு இடத்தில் உட்காரவே மாட்டார்கள். சிலர் உட்கார்ந்தால் எழும்ப மாட்டார்கள். உடனே நாம் "சோம்பேறி" என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

எங்கள் இலங்கையிலேயே, ஒரு தேயிலைத் தோட்டத்தில், இதைப் பற்றி ஆராய்ச்சி நடந்து 1979ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. இரத்தச்சோகை உள்ள தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து மாத்திரையும், மறு பகுதியினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில், இரத்தம் ஏறியவர்கள் மற்றவர்களை விடக் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். இரத்தம் ரொம்பக் குறைவாக இருந்தவர்களுக்குத்தான் முன்னேற்றமும் ரொம்பக் கூட. அது மட்டுமல்ல. இருபத்து நான்கு மணி நேரமும் அவர்களுடைய அசைவைக் கருவி வைத்து அளந்தார்கள். மூன்றே வாரத்தில் மாத்திரை எடுத்தவர்கள் வீட்டிலும் வெளியிலும் கூடுதலாக நடமாடினார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்தத் தொழிலாளி கொழுந்து குறைவாகக் கொண்டுவந்த நாட்களில் எத்தனை ஏச்சு வாங்கியிருப்பார்? கங்காணியிடம் ஒன்று, மாமியாரிடம் ஒன்று. ஆனால் குறை மனதில் இருக்கவில்லை, இரத்தத்தில் இருந்தது. அடுப்பில் விறகு இருந்தாலும் காற்றுப் போகாவிட்டால் எரியாது அல்லவா? இரத்தம்தான் அந்தக் காற்றைக் கொண்டுபோகிறது.

இதில் நாம் எல்லோரும் செய்கிற பிழை ஒன்று உண்டு. இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குகிறோம். சாப்பிட்ட கையோடு சாயத் தண்ணி குடிக்கிறோம். தேயிலைச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. நாம் பறிக்கிற கொழுந்துதான், ஆனாலும் உண்மை அதுதான். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்து சாப்பிடுங்கள், கொய்யாவோ நெல்லிக்காயோ கிடைத்தால் விடாதீர்கள். அவை இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும்.

சின்ன வயிறு, பெரிய அடுப்பு

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் நூற்றுக்குப் 17 பேர். தோட்டப் பகுதியில் மட்டும் நூற்றுக்கு 32 பேர். இந்தக் கணக்கைக் கேட்டு நமக்குத் தூக்கம் வரக்கூடாது.

2021ஆம் ஆண்டு, இருபத்தொன்பது நாடுகளைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் சக்திச் செலவைச் சேர்த்துப் பார்த்த பெரிய ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் தொண்ணூற்றைந்து வயதுக் கிழவர் வரை அதில் இருந்தார்கள். உடம்பின் அளவை வைத்துக் கணக்குப் பார்த்தால், ஒரு வயதுப் பிள்ளையின் அடுப்புத்தான் எல்லோரையும் விட வேகமாக எரிகிறது. பெரியவர்களை விட அது ஒன்றரை மடங்கு. ஆனால் பிள்ளையின் வயிறோ உள்ளங்கை அளவு. பெரிய அடுப்பு, சின்ன விறகுக் கட்டு. என்ன செய்வது? அடிக்கடி போட வேண்டும்.

ஒன்பது மாதத்துக்கு மேல் தாய்ப்பாலோடு நாளுக்கு மூன்று நான்கு வேளை சாப்பாடும், இடையில் ஒன்றிரண்டு தடவை சிறு தீனியும் வேண்டும். தண்ணீர் மாதிரிக் கஞ்சி வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. சோற்றைக் குழைத்துப் பருப்பு, முட்டை, இடித்த நெத்தலித் தூள், கீரை என்று கிடைத்ததைச் சேர்த்து, ஒரு சின்னக் கரண்டி தேங்காயெண்ணெயோ தேங்காய்ப்பாலோ விடுங்கள். தேத்தண்ணியில் பிஸ்கட் நனைத்துக் கொடுத்துப் பசியை அடக்காதீர்கள்.

கர்ப்பிணித் தாய்மாரிடம் ஒரு வார்த்தை. "கூடச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும்" என்று சில பெரியவர்கள் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்கிறார்கள். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், அது பிழை. வயிற்றுக்குள் பட்டினி கிடக்கிற பிள்ளை சின்னதாகப் பிறப்பதோடு கதை முடிந்துவிடுவதில்லை. பால் கொடுக்கிற தாய்க்கும் நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக வேண்டும். பால் கொடுக்கிறவளுக்குச் சட்டியின் அடிச் சோறு என்பது நியாயமா? வீட்டு ஆண்கள் யோசிக்க வேண்டும்.

மெலிந்தவருக்கும் சீனி வருத்தம்

"சின்னதாகப் பிறப்பதோடு முடிவதில்லை" என்று ஏன் சொன்னோம் தெரியுமா? இந்தியாவில் பூனே நகரத்துப் பக்கத்துக் கிராமங்களில் டொக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்பவரும் அவருடைய குழுவினரும் பிறந்த குழந்தைகளை அளந்து, இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டு, 2003ஆம் ஆண்டு எழுதினார்கள். கிராமத்துக் குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகளின் சராசரி 3.5 கிலோ. நமது குழந்தைகளுக்குத் தசை குறைவு, உறுப்புகள் சின்னது. ஆனால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பஞ்சம் வரும் என்று எண்ணித் தாயின் வயிற்றிலேயே சேமிக்கப் பழகிய உடம்பு போல அது. பின்னால் கோதுமை மாவும் சீனியும் தாராளமாகக் கிடைக்கும்போது, அந்த உடம்பு கொழுப்பை வயிற்றைச் சுற்றிச் சேர்த்துக்கொள்கிறது.

அதனால்தான் கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னுக்கு வந்தவர்களை நாம் நிறையப் பார்க்கிறோம். "நான் ஒல்லி, எனக்கு எப்படிச் சீனி வருத்தம்?" என்று கேட்கிறார்கள். நமது மக்களுக்குக் குறைந்த நிறையிலேயே அது வரும். தராசை மட்டும் நம்பாமல் தையல்காரரின் அளவு நாடாவால் இடுப்பை அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல், ஆண்களுக்கு 90க்கு மேல் என்றால் கவனம் வேண்டும்.

வேலையை விட்டு ஓய்வு பெற்றவர்கள் இதை முக்கியமாகக் கேளுங்கள். "வயசாச்சு, அதுதான் உடம்பு ஊதுது" என்று சொல்கிறோம். ஆனால் நாங்கள் முன்பு சொன்ன 2021ஆம் ஆண்டு ஆராய்ச்சியில், இருபது வயது முதல் அறுபது வயது வரை உடம்பின் அடுப்பு பெரிதாக மாறவில்லை. அறுபதுக்குப் பிறகுதான் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைகிறது என்று கண்டார்கள். அப்படியென்றால் நாற்பது, ஐம்பதில் ஏன் வயிறு வைக்கிறது? மலை ஏறுகிற வேலை நின்றுபோகிறது, ரொட்டியின் எண்ணிக்கை மட்டும் நிற்பதில்லை. கொழும்புக் கடையில் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிற நம் பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

சீனியைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி சீனியில் ஏறக்குறைய 20 கலோரி. ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 200 கலோரி. ஒரு ரொட்டி அளவு. அதைச் சாப்பிட்டதாக நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஆறு தேக்கரண்டிக்குள் நிறுத்துவது நல்லது என்று சொல்கிறது. ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், மாதத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிவிடும்.

பட்டினி போட்டால் இறங்குமா?

சில தங்கச்சிமார் கலியாணத்துக்கு முன்னால் மெலிய வேண்டுமென்று பட்டினி கிடக்கிறார்கள். உடம்பு அதற்கு மசியாது. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் மினசோட்டா என்ற இடத்தில், தாங்களாகவே முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். நிறையில் கால் பங்கு இறங்கியது. அதே நேரத்தில் உடம்பு தன் செலவையும் வெட்டிவிட்டது. இருதயம் மெதுவாக அடித்தது, உடம்பு குளிர்ந்தது, எதிலும் மனம் ஓடவில்லை, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. பிறகு சாப்பிடத் தொடங்கியபோது கொழுப்புத்தான் முந்திக்கொண்டு ஏறியது. சம்பளம் குறைந்த மாதம் நாம் செலவைச் சுருக்குகிற மாதிரி உடம்பும் சுருக்கிக்கொள்கிறது. ஆகவே மெலிய வேண்டியவர்கள் மெதுவாகத்தான் மெலிய வேண்டும். சீனியையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறைத்து, மூன்று ரொட்டியை இரண்டாக்கி, அந்த இடத்தில் பருப்பும் கீரையும் வையுங்கள். நடையை விடாதீர்கள்.

சம்பளத்தன்றைக்கு லயத்துக்கு வந்து "மெலிய வைக்கும் தூள்", "உடம்பு தேறும் குளிசை" என்று விற்கிறவர்களை நம்பாதீர்கள். இப்படி விற்கும் சில மருந்துகளில், பெட்டியில் எழுதாத மருந்துகள் கலந்திருந்தது உலகின் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. "தேறியது" என்று நினைப்பது சில வேளை வீக்கமாக இருக்கும்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

உடம்பு வாகு என்று விட்டுவிடக் கூடாத அடையாளங்கள் சில உண்டு. இவற்றை வீட்டில் ஒட்டி வையுங்கள்.

ஒன்று: நன்றாகச் சாப்பிட்டும் நிறை இறங்குகிறது, தாகம் கூட, இராத்திரியில் பல தடவை சிறுநீர். இது சீனி வருத்தமாக இருக்கலாம்.

இரண்டு: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், மெலிவு. சளியைச் சோதிக்க வேண்டும். காசநோய்க்கு அரசாங்கத்தில் இலவச மருந்து உண்டு, சுகமாகும் நோய்தான்.

மூன்று: கழுத்தின் முன்பக்கம் வீக்கம். சாப்பாடு கூடாமலே நிறை ஏறுகிறது, குளிர் தாங்கவில்லை, எந்நேரமும் களைப்பு, தலைமுடி கொட்டுகிறது. அல்லது அதற்கு மாறாக, நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, வியர்த்து மெலிந்துபோகிறது. கழுத்தில் உள்ள தைரொயிட் சுரப்பிதான் உடம்பு அடுப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. நமது நாட்டின் தென்மேற்கு மழைப் பிரதேசங்களில் கண்டக்கழலை முன்பு பரவலாக இருந்தது. அதனால்தான் 1995ஆம் ஆண்டு முதல் எல்லா உப்பிலும் அயடீன் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த உப்பை மூடிய போத்தலில், அடுப்புச் சூடு படாமல் வையுங்கள். உப்பு நல்லதென்று அள்ளிப் போடவும் வேண்டாம்.

நான்கு: பிள்ளையின் கார்டில் கோடு இரண்டு மாதம் மேலே ஏறாவிட்டால், அல்லது பால் குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்கினால் காத்திருக்க வேண்டாம். உடனே குடும்பநல மாதுவிடமோ டொக்டரிடமோ காட்டுங்கள்.

முடிவாக

அன்பார்ந்தவர்களே, அடுத்த காம்பராக்காரியின் உடம்பைப் பார்த்து உங்கள் உடம்பை அளக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து உங்கள் பிள்ளையை அளக்காதீர்கள். போன மாதக் கார்டைப் பார்த்து இந்த மாதக் கார்டை அளங்கள். ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு செக்ரோல், அதில் அவரவர் பிடிப்பு. வெளியில் நிற்கிறவருக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் இரத்தத்துக்கு இரும்புச்சத்து, பிள்ளைக்கு அடிக்கடி சாப்பாடு, கர்ப்பிணிக்கு நிறைந்த வயிறு, தேத்தண்ணிக்குக் குறைந்த சீனி என்பவை எந்த உடம்புக்கும் பொருந்தும்.

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வாக்குக் கொடுத்து முடிக்கிறோம். இனி நிறுவை நாளில் எந்தப் பிள்ளையின் நிறையையும் சத்தம் போட்டு வாசிக்க மாட்டோம். கார்டைத் தாயின் கையில் கொடுத்து, ஓரமாக உட்கார வைத்து, முதலில் தாய் சொல்வதைக் கேட்போம். பிறகுதான் நாங்கள் பேசுவோம். நீங்களும் ஒரு வாக்குத் தர வேண்டும். யார் என்ன சொன்னாலும், எவ்வளவு வெட்கமாக இருந்தாலும், பிள்ளையை நிறுக்கக் கொண்டுவராமல் இருக்காதீர்கள்.

அந்தப் பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போகிறது. இன்றைக்கும் கொஞ்சம் மெலிவுதான். ஆனால் லயத்துக் கோடியில் ஓடுகிற ஓட்டத்தில் அதை யாராலும் பிடிக்க முடியாது என்று அதன் தாய் சொன்னார். அந்தத் தாய் எங்களை மன்னித்துவிட்டார். மற்றொரு தாயிடம் அப்படி மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலை எங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இவ்வளவும் பேசினோம்.